முதல் ரைஃபிள்: கடையில் எடுப்பதா, சொல்லிச் செய்விப்பதா?

கேள்வி கேட்ட தம்பிக்கு வணக்கம். நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்ட வகையில் முதலில் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில், சென்ட்சூரியனில் வேலை. நிரந்தர வசிப்புரிமை கைக்கு வந்துவிட்டது. அடுத்த குளிர்காலத்தில் நண்பர்களோடு சூலூலாந்துக்கு இம்பாலா மான் வேட்டைக்குப் போக ஆசை. கையில் 60,000 ராண்ட். ஒரு நண்பர் பழைய மவுசர் 98 ஆக்‌ஷன் (தோட்டாவை ஏற்றிப் பூட்டிச் சுடும் இயந்திரப் பகுதி) ஒன்றைத் தேடிப் பிடித்து, புதுக் குழல் போட்டு, வால்நட் மரத்தில் கட்டை (தோளில் ஊன்றும் பகுதி) வைத்து, உங்களுக்கென்றே 'கஸ்டம்' ரைஃபிளாகச் செய்துகொள்ளச் சொல்கிறார். டீலரோ அலமாரியில் இருக்கும் ஆலைத் தயாரிப்புகளான டிக்காவையோ ஹோவாவையோ எடுத்துக்கொண்டு போங்கள் என்கிறார். 'இரண்டில் எது துல்லியமாகச் சுடும்?' என்பது உங்கள் கேள்வி. ஆனால் கடைசி வரியில், 'போட்ட காசுக்குப் பிறகு வருத்தப்படக் கூடாது' என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கேள்விதான் பெரிதாகப் படுகிறது. முதல் கேள்விக்கான பதில் இரண்டு வரியில் முடிந்துவிடும்: நன்றாகச் செய்த கஸ்டம் ரைஃபிள் துல்லியமாகச் சுடும். உங்கள் இம்பாலாவுக்கு அந்தத் துல்லியத்தில் முக்கால்வாசி தேவைப்படாது.

என்னைப் பற்றிக் கொஞ்சம். நான் டர்பன்காரன். வடக்குக் கடற்கரைப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையின் பட்டறையில் ஃபிட்டர் அண்ட் டர்னராக இருந்தேன். அப்புறம் உரிமம் பெற்ற ஒரு கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி செய்து பழுதுபார்ப்பவர்) 11 வருடம் லேத்தில் நின்றேன். குழல் பொருத்தியிருக்கிறேன், தோட்டா உட்காரும் சேம்பர் வெட்டியிருக்கிறேன், கட்டை சீவியிருக்கிறேன். என் அனுபவம் முழுக்க வேட்டை ரைஃபிள்தான். மேசைமேல் வைத்து ஒரே துளைக்குள் ஐந்து குண்டு விடும் பெஞ்ச்ரெஸ்ட் ஆட்களின் உலகம் வேறு, நான் சொல்வதை அவர்கள் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். என் தமிழ் ஆயாவிடமும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியிலும் கற்றது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு. எம்ஓஏ என்று எல்லோரும் பேசுகிறார்களே, அது கோணத்தில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு; ஒரு எம்ஓஏ என்பது 100 மீட்டரில் சுமார் 29 மில்லிமீட்டர். கடையில் வாங்கும் சுமாரான ரைஃபிள் ஒன்று 1.5 எம்ஓஏ சுடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 150 மீட்டரில் அது 65 மில்லிமீட்டர் பரவல். அருமையான கஸ்டம் ரைஃபிள் அரை எம்ஓஏ சுட்டால் அதே தூரத்தில் 22 மில்லிமீட்டர். மூன்று மடங்கு மேல்! கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் ரைஃபிள் தனியாகப் போய்ச் சுடுவதில்லையே. நீங்கள் முள்காட்டில் கால் மணி நேரம் குனிந்து நடந்து, மூச்சு வாங்க, மூங்கில் குச்சிக் கவட்டையில் வைத்துச் சுடப்போகிறீர்கள். பழகாதவர் அப்படிச் சுட்டால் 150 மீட்டரில் 150 மில்லிமீட்டர் பரவல் வருவது சாதாரணம். அதைவிட மோசமாகவே நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். இந்த இரண்டு பிழைகளும் நேராகக் கூடுவதில்லை. வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். போட்டுப் பாருங்கள்: உங்கள் 150ஓடு கடை ரைஃபிளின் 65 சேர்ந்தால் 163. உங்கள் 150ஓடு கஸ்டம் ரைஃபிளின் 22 சேர்ந்தால் 152. அவ்வளவு செலவுக்கும் மிஞ்சுவது ஒரு சென்டிமீட்டர் சொச்சம். இப்போது அதே கடை ரைஃபிளை வைத்துக்கொண்டு, பயிற்சியால் உங்கள் கைப்பிழையை 150இலிருந்து 100ஆகக் குறையுங்கள். மொத்தம் 119. இம்பாலாவின் நெஞ்சில் நாம் குறிவைக்கும் இடம் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் வட்டம். 163 அதற்கு வெளியே போகிறது, 119 உள்ளே அடங்குகிறது. எந்த லேத்தாலும் எனக்கு இந்த 44 மில்லிமீட்டரைக் கொடுக்க முடிந்ததில்லை.

இன்னொன்று. 'என் ரைஃபிள் முக்கால் அங்குலம் சுடும்' என்று யாராவது தாளைக் காட்டினால், எத்தனை குண்டு என்று கேளுங்கள். மூன்று என்பார்கள். அதே துப்பாக்கி, அதே தோட்டா, அதே ஆள், மூன்றுக்குப் பதில் பத்துக் குண்டு சுட்டால் க்ரூப், அதாவது துளைகளின் பரவல், சராசரியாக 1.6 மடங்கு பெரிதாகும். ஐந்து சுட்டால் ஏறக்குறைய 1.3 மடங்கு. துப்பாக்கி கெட்டுப்போய் அப்படி ஆவதில்லை, எண்ணிக்கை கூடினால் பரவல் விரிவது இயல்பு. துப்பாக்கி ஆலைகள் கொடுக்கும் 'ஒரு எம்ஓஏ உத்தரவாதம்' பெரும்பாலும் மூன்று குண்டுக் கணக்கு. கன்ஸ்மித்துகள் ரைஃபிளோடு சேர்த்துக் கொடுக்கும் தாளும் அநேகமாக அப்படித்தான், நல்ல தாளை எடுத்துக் கொடுப்போம். நானும் கொடுத்திருக்கிறேன், பொய் சொல்லவில்லை. இரண்டு தாளையும் ஒரே தராசில் வைத்துப் பாருங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, கஸ்டம் வேலை என்றால் உண்மையில் என்னதான் செய்கிறார்கள்? ஆக்‌ஷனின் முகப்பு குழலின் அச்சுக்குச் சரியாகச் செங்குத்தாக நிற்கும்படி சீவுவோம். தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டின் இரண்டு லக்குகளும் (பூட்டும் காதுகள்) ஒரே அளவு அழுத்தத்தில் உட்காரும்படி செய்வோம். நல்ல குழலை வாங்கி, தோட்டா உட்காரும் சேம்பரை இறுக்கமான அளவில் வெட்டுவோம். ஆக்‌ஷன் கட்டையில் அசையாமல் பதிய எபாக்ஸி போட்டு பெட்டிங் செய்வோம். விசையின் இழுப்பைச் சீராக்குவோம். கட்டையை ஆளுக்குத் தக்கபடி வெட்டுவோம். இதெல்லாம் மந்திரம் கிடையாது, பொறுமையும் அளவுகோலும்தான். 40 வருடம் முன்பு ஆலைத் துப்பாக்கிக்கும் இதற்கும் பெரிய இடைவெளி இருந்தது. சிஎன்சி எந்திரங்கள் வந்த பிறகு அந்த இடைவெளி சுருங்கிப் போயிற்று. டிக்கா தன் குழல்களைக் குளிர்ந்த நிலையிலேயே சம்மட்டியால் அடித்து உருவாக்குகிறது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் மிகக் குறைவு. ஹோவா 1500 ஆக்‌ஷனுக்கு அடிப்பாகம் தட்டை, உதைப்பைத் தாங்கும் ரிகாயில் லக் அதோடு ஒன்றாகவே செய்யப்பட்டது. பெட்டிங் செய்கிறவனுக்கு அது வரப்பிரசாதம். வெதர்பி வான்கார்டு என்று விற்பதும் இதே ஹோவா ஆலையில் செய்ததுதான், பெயர்ப்பலகைக்குக் கூடுதல் காசு கொடுப்பது உங்கள் விருப்பம்.

இப்போது உங்கள் நண்பர் சொன்ன மவுசர் 98. இந்த நாட்டில் அந்தப் பெயருக்கு ஒரு மயக்கம் உண்டு. இங்கே குடியேறிய டச்சு வம்சத்தினரான போயர்கள் 1899 முதல் 1902 வரை பிரிட்டிஷாரோடு சண்டை போட்டது 7x57 அளவுத் தோட்டா போடும் மவுசரில்தான். ஆனால் அந்த மவுசர் 1895 மாடல் வகை, 98 கிடையாது. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் இங்கே நிறைய. 98க்குப் பின்னால் மூன்றாவதாக ஒரு பாதுகாப்பு லக் இருக்கிறது. தோட்டா வெடித்துப் பின்னடித்தால் வாயுவை வெளியேற்ற நல்ல வழியும் இருக்கிறது. பழையதில் அவை இல்லை. 7x57க்கு அமெரிக்கத் தரப்படி அனுமதித்த அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 51,000 பவுண்டு. .308 தோட்டாவுக்கு 62,000. பழைய போயர் மவுசரை .308ஆக மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் காபி குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

உண்மையான 98 என்றாலும் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். அந்த ஆக்‌ஷன் குறைந்த கார்பன் எஃகு, மேல்தோல் மட்டும் கடினப்படுத்தியது. 'ட்ரூ' செய்கிறேன், அதாவது நேராக்குகிறேன், என்று லக் உட்காரும் இடத்தை ஆழமாகச் சீவினால் அந்தத் தோல் போய்விடும். அப்புறம் சுடச் சுட லக் உள்ளே அமுங்கும், ஹெட்ஸ்பேஸ் (மூடிய போல்ட்டுக்கும் சேம்பரில் தோட்டா முட்டும் இடத்துக்கும் உள்ள தூரம்) கூடிக்கொண்டே போகும். திரும்பக் கடினப்படுத்தத் தெரிந்த ஆள் வேண்டும். இரண்டாவது, மேகசின், அதாவது தோட்டாக்களை அடுக்கும் பெட்டி. பவுல் மவுசர் ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனித்தனி அளவில் மேகசின் பெட்டி வரைந்தவர். 98இன் ராணுவத் தோட்டாவான 7.92x57க்குச் செய்த பெட்டியில் 82 மில்லிமீட்டர் நீளத் தோட்டா போகும். .308இன் மொத்த நீளம் 71 மில்லிமீட்டர்தான், அந்தப் பெட்டி அதற்கு நீளம்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. கன்ஸ்மித் பட்டறைக்கு வருவதற்கு முன்பு, உங்களைப் போல ஆசைப்பட்டு, ஒருவரிடம் 98 ஆக்‌ஷனில் .308 செய்யக் கொடுத்தேன். மூன்று மாதம் என்றார், பதினான்கு மாதம் ஆயிற்று. கட்டை கண்ணாடி போல இருந்தது, பார்த்தவர்கள் எல்லாம் தடவிப் பார்த்தார்கள். ரேஞ்சில் ஒவ்வொன்றாகப் போட்டுச் சுட்டபோது பிரமாதம். முகூஸே பக்கம் ஒரு ஆண் நியாலா மானுக்கு முதல் குண்டு கொஞ்சம் பின்னால் விழுந்தது. இரண்டாவது தோட்டாவை உள்ளே தள்ளினேன், மூக்கு மேலே முட்டி நின்றுவிட்டது. முதல் வெடியின் உதைப்பில் தோட்டாக்கள் அந்த நீளப் பெட்டிக்குள் முன்னால் நழுவி, பின்னால் நழுவி, கோணலாக உட்கார்ந்திருந்தன. விலங்கை இருட்டும் வரை இரத்தத் தடம் பார்த்துத் தேடினோம், மறுநாள் காலையில்தான் கிடைத்தது. பெட்டிக்குப் பின்னால் ஒரு தகட்டுத் துண்டு வைத்துச் சரிசெய்ய அரைநாள் வேலைதான். அந்த அரைநாள் வேலையை அவர் செய்யவில்லை, நானும் மேகசினிலிருந்து சுட்டுப் பார்க்காமல் கிளம்பினேன். டிக்கா மாதிரி ஒரு ஆலைத் துப்பாக்கியில் இந்த மாதிரிக் கோளாறு ஆயிரக்கணக்கான துப்பாக்கிகள் விற்று, புகார் வந்து, திருத்தி முடித்த பிறகுதான் உங்கள் கைக்கு வரும். கஸ்டம் ரைஃபிளில் அந்தப் புகாரைக் கொடுக்கும் முதல் ஆள் நீங்களே.

சட்டத்தின் பக்கமும் ஒரு பார்வை வேண்டும், சென்னையிலிருந்து வந்தவர்களுக்கு இது புதிது. 2000ஆம் ஆண்டின் 60ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, 21 வயதும் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இருக்க வேண்டும். முதலில் பயிற்சி, அப்புறம் தகுதிச் சான்றிதழ், அப்புறம்தான் குறிப்பிட்ட ஒரு துப்பாக்கிக்கு உரிமம். எப்போதாவது வேட்டைக்குப் போகிறவருக்கு 15ஆம் பிரிவு. அதில் நான்குக்கு மேல் இல்லை, ஒவ்வொன்றும் 10 வருடம். உரிமம் வரும்வரை துப்பாக்கி டீலரிடமே இருக்கும். இதில் கஸ்டம் விஷயத்துக்கு வேண்டிய செய்தி என்னவென்றால், குழல், பிரேம், ரிசீவர் (ஆக்‌ஷனின் கூடு) மூன்றையும் சட்டம் 'முக்கியப் பாகம்' என்று சொல்கிறது. கட்டையோ, ஸ்கோப்போ, விசையோ அப்படி இல்லை. ஆகவே கட்டையை இன்று மாற்றலாம், நாளை திரும்ப மாற்றலாம். குழலைத் தொட்டால் காகிதம் வேண்டும். பாதியில் ஆக்‌ஷன் ஓரிடம், குழல் ஓரிடம், கன்ஸ்மித்துக்கு உடல்நலமில்லை என்று ஆகிவிட்டால் நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். செய்விப்பதானால் வேலை தொடங்கும் முன்பே உங்கள் காவல் நிலையத்துத் துப்பாக்கி அதிகாரியிடம் எந்தப் பாகம் எந்த எண்ணில் பதிவாகும் என்று கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.

கஸ்டம் வேலையில் எனக்குச் சந்தேகமில்லாமல் மதிப்புள்ளது என்று படுவது கட்டையின் அளவுதான், வேடிக்கை என்னவென்றால் அதற்கு முழு ரைஃபிளும் செய்ய வேண்டியதில்லை. ஆலைக் கட்டைகளில் விசையிலிருந்து தோள்வரை நீளம் பெரும்பாலும் 34, 35 சென்டிமீட்டர். அது ஐரோப்பிய உடம்புக்கு, அதுவும் மெல்லிய சட்டையோடு. நம்மவர்களில் கை குட்டையானவர் ஜூலை மாதக் குளிருக்குத் தடித்த ஜாக்கெட் போட்டுக்கொண்டு அதைத் தோளில் தூக்கினால் நுனி அக்குளில் மாட்டும், கண் ஸ்கோப்புக்குப் பின்னால் வராது. இரண்டு சென்டிமீட்டர் குறைத்து நல்ல ரப்பர் பட்டை போட்டால் ரைஃபிள் வேறு ஆளாகிவிடும். இது ஒரு மதிய நேர வேலை. நீங்கள் இடக்கைக்காரரா என்று எழுதவில்லை, அப்படியானால் டிக்காவில் இடக்கை மாடல் உண்டு, கேளுங்கள்.

வால்நட் கட்டையைப் பற்றி நீங்கள் ஆசையாக எழுதியிருந்தீர்கள். எனக்கும் பிடிக்கும். ஆனால் உங்கள் ஊர் இருக்கும் ஹைவெல்ட் மேட்டுநிலத்தின் காய்ந்த காற்றில் சீரோ பார்த்த (குறியைச் சரிசெய்த) மரக்கட்டை சூலூலாந்தின் ஈரத்தில் இரண்டு நாள் இருந்தால் மரம் ஈரம் குடித்து அசையும், குண்டு விழும் இடம் நகரும். நல்ல பெட்டிங்கும், குழலுக்கும் மரத்துக்கும் இடையே இடைவெளியும் இருந்தால் குறையும். சின்தெடிக் கட்டையில் இந்தத் தொல்லை இல்லை. டர்பன் கடற்காற்றில் இருக்கும் எனக்கு துருப்பிடிக்காத எஃகும் சின்தெடிக்கும்தான், அழகாக இல்லை என்பது உண்மை.

சந்தேகத்துக்குரிய விஷயங்களும் இருக்கின்றன. புதுக் குழலை ஒரு குண்டு சுட்டு ஒரு முறை துடைத்து 'பழக்க' வேண்டும் என்பார்கள். குழல் செய்கிறவர்களே இதில் இரண்டு கட்சி. நான் செய்வதுண்டு, பலன் இருந்ததா என்று கேட்டால் நிரூபிக்க முடியாது. குழலை உறைநிலைக்குக் கீழே குளிர்விக்கும் 'கிரையோ' வேலைக்குக் காசு கொடுக்க மாட்டேன், என் கையில் வந்த குழல்களில் வித்தியாசம் தெரிந்ததில்லை. குழலின் ஆயுளைப் பற்றி உங்களுக்குக் கவலையே வேண்டாம். .308 குழல் நாலைந்தாயிரம் குண்டு தாங்கும், வருடம் 200 சுட்டாலும் உங்கள் மகன் அதைப் பயன்படுத்துவான்.

அப்படியானால் கஸ்டம் யாருக்கு? காட்டெருமை, யானை என்று போகிறவருக்கு முதலிடம். அங்கே குறைந்தபட்ச அளவென்று பெரும்பாலான இடங்களில் .375ஐச் சொல்கிறார்கள். துல்லியம் அங்கே இரண்டாம் பட்சம். தலைகீழாகப் பிடித்தாலும் தோட்டா உள்ளே போக வேண்டும், வெளியே வர வேண்டும். தோட்டாவைப் பிடித்து இழுக்கும் மவுசரின் அந்தப் பெரிய எக்ஸ்ட்ராக்டர் கொக்கி தன் மதிப்பைக் காட்டுவது அங்கேதான். சிஇசட் 550 ரைஃபிள் இங்கே அதற்காகவே பேர் வாங்கியது, அதன் உற்பத்தி நின்றுவிட்டது. அதையும் நம் கன்ஸ்மித்துகள் மேகசின் வழியைச் சீவி வழுவழுப்பாக்கித்தான் கொடுப்பார்கள். அடுத்து, 300 மீட்டருக்கு மேல் போட்டிக்குச் சுடுகிறவர். மூன்றாவது, ஐந்தாறு வருடம் ஒரு கடை ரைஃபிளை வைத்திருந்து, 'இதன் விசை எனக்குக் கனம், குழல் காட்டில் நீளம், கட்டையின் கழுத்து என் கைக்குத் தடிப்பு' என்று விரல்விட்டுச் சொல்லத் தெரிந்தவர். அவர் வந்து சொன்னால் கன்ஸ்மித்துக்கு வேலை சுலபம். முதல் ரைஃபிள் வாங்க வருகிறவரிடம் 'எப்படி வேண்டும்?' என்று கேட்டால், பத்திரிகையில் பார்த்த படத்தைக் காட்டுவார். நாங்கள் அந்தப் படத்தைச் செய்து கொடுப்போம்.

உங்கள் 60,000ஐ என்னிடம் கொடுத்தால் பாதிக்கு மேல் ரைஃபிளில் போட மாட்டேன். .308, சின்தெடிக் கட்டை, ஹோவா. டிக்கா அந்தப் பாதிக்குள் அடங்கினால் டிக்கா. கால் பங்கு ஸ்கோப்புக்கும் அதை ரைஃபிளில் பிடித்து வைக்கும் மவுண்ட்டுக்கும். அதில் கஞ்சத்தனம் வேண்டாம், குண்டு இடம் மாறுகிறது என்று பட்டறைக்கு வந்தவற்றில் பாதியில் மவுண்ட் திருகுதான் தளர்ந்திருந்தது. மீதி கட்டையைக் குறைக்க, பெட்டகத்துக்கு, தோட்டாவுக்கு. 15ஆம் பிரிவு உரிமத்தில் ஒரு துப்பாக்கிக்கு ஒரே நேரத்தில் 200 தோட்டாதான் வைத்திருக்கலாம், அதனால் வாங்கி, சுட்டு, திரும்ப வாங்குங்கள். மேசையில் வைத்து 20 சுட்டால் கவட்டையில் வைத்து 80 சுடுங்கள்.

பழைய துப்பாக்கி வாங்கலாமா என்று பின்னூட்டத்தில் இன்னொருவர் கேட்டிருந்தார். தாராளமாக வாங்கலாம். இறந்தவர்களின் சொத்தாக டீலர்களிடம் வந்து நிற்கும் சாகோக்களும், புளூம்ஃபொன்டெய்னில் செய்த மஸ்கிரேவ்களும் நல்ல விலைக்குக் கிடைக்கின்றன. குழல் வாயின் விளிம்பில் நசுங்கலோ பள்ளமோ இருக்கிறதா என்று விரல்நகத்தால் தடவிப் பாருங்கள். போல்ட்டைக் கழற்றி வெளிச்சத்தில் உள்ளே பாருங்கள், சேம்பருக்கு முன்னால் உள்ள பகுதி வெடித்த வயல்மண் மாதிரி இருந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள். போல்ட்டில் உள்ள எண்ணும் ஆக்‌ஷனில் உள்ள எண்ணும் ஒன்றாக இல்லையென்றால் ஹெட்ஸ்பேஸ் கேஜ் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மேகசினை டம்மித் தோட்டாக்களால் நிரப்பி, கடையிலேயே நாலு முறை வேகமாக ஏற்றி இறக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

பருவம் பொதுவாக மே முதல் ஆகஸ்ட் வரை. ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் வாரங்களில் நான் எங்கும் நகர்வதில்லை. ஜூன் மாதத்தில் டர்பன் பக்கம் வருவதானால், ரைஃபிள் எடுத்த பிறகு உங்கள் முழங்கை மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரலின் முதல் கணு வரை எத்தனை சென்டிமீட்டர், ஜாக்கெட்டோடு எவ்வளவு, இல்லாமல் எவ்வளவு என்று இங்கேயே எழுதுங்கள். கட்டையில் எவ்வளவு குறைக்கலாம் என்று சொல்கிறேன்.